பூங்கா இடத்தில் வேலி போட்டால் எந்த ஆபீசில் எந்தப் பதிவேட்டைக் கேட்பது?

செம்பாக்கம் பக்கம் பழைய மனைப்பிரிவு ஒன்றில் வீடு வாங்கிக் குடியேறியிருக்கிறீர்கள். பூங்காவுக்கு விட்ட இடம் என்று தெருவில் எல்லாரும் சொல்லும் காலி மனையில் யாரோ கல் ஊன்றிக் கம்பி வேலி போட்டுவிட்டார்கள். கவுன்சிலர் தாலுகா ஆபீசுக்குப் போகச் சொன்னார், தாலுகா ஆபீசில் மாநகராட்சியைக் கேளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். "யாருடைய நம்பர் கிடைத்தால் வேலை நடக்கும்?" என்று கேட்கிறீர்கள். உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது நம்பர் அல்ல. அந்த இடம் யாருடையது, அதைச் சொல்லும் காகிதம் எந்த அலுவலகத்தில் இருக்கிறது, அந்தக் காகிதத்தைக் காட்டினால் வேலியை எடுக்கக் கடமைப்பட்ட அதிகாரி யார் என்பதுதான் தெரிய வேண்டும். இது தெரியாமல் எந்த நம்பருக்குப் பேசினாலும் அடுத்த ஆபீசுக்குத்தான் கைகாட்டுவார்கள்.

நான் வருவாய்த் துறையில் தாலுகா அளவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது புறநகரில் குடியிருப்போர் சங்கங்களுக்கு மனுவும் தகவல் உரிமை விண்ணப்பமும் எழுத உதவுகிறேன். வழக்கறிஞர் அல்ல. உங்கள் இடத்தின் ஆவணங்களையும் பார்த்ததில்லை. அதனால் அந்த இடம் மாநகராட்சியுடையதுதான் என்றோ வேலி போட்டவர் ஆக்கிரமிப்பாளர்தான் என்றோ நான் சொல்ல மாட்டேன். பதிவேடுகள் எங்கே இருக்கின்றன, ஒவ்வொன்றும் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை உறுதியாகச் சொல்லலாம்.

முதலில் உங்களை இரண்டு பக்கமும் அலைக்கழித்ததற்கான காரணத்தைச் சொல்கிறேன். தாம்பரம் மாநகராட்சி 2021 நவம்பரில் உருவானது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்ற 5 நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, திருநீர்மலை என்ற 5 பேரூராட்சிகளும் அதில் சேர்ந்தன. இப்போது 70 வார்டு, 5 மண்டலம். வரி, தெருவிளக்கு, பூங்கா, கட்டட அனுமதி எல்லாம் அவர்கள் கையில். நிலத்தின் பட்டா, அளவை, புறம்போக்கு வருவாய்த் துறையின் தாலுகா ஆபீசில். கிரயப் பத்திரமும் வில்லங்கமும் பதிவுத் துறையின் சார்பதிவாளர் அலுவலகத்தில். மனைப்பிரிவு வரைபடத்துக்கு ஒப்புதல் தந்தது இவர்கள் மூவருமில்லை, சி.எம்.டி.ஏ. என்ற சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் அல்லது நகர் ஊரமைப்பு இயக்ககம். இந்த நான்கு துறைகளின் எல்லைகளும் ஒன்றோடொன்று பொருந்தாது. ஒரே தெருவுக்கு வார்டு ஒன்று, வருவாய்க் கிராமம் ஒன்று, சார்பதிவகம் ஒன்று, சட்டமன்றத் தொகுதி ஒன்று என்று தனித்தனியாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். பக்கத்திலேயே இருக்கும் மேடவாக்கம், முடிச்சூர் போன்ற ஊர்கள் புனித தோமையார் மலை ஒன்றியத்து ஊராட்சிகளாக மாநகராட்சிக்கு வெளியே நின்றவை. அங்கே இதே கேள்விக்குப் போக வேண்டிய கதவே வேறு.

எல்லாவற்றுக்கும் தொடக்கம் சர்வே எண். அது இல்லாமல் எந்த ஆபீசிலும் யாரும் எந்தப் புத்தகத்தையும் பிரிக்க முடியாது. உங்கள் கிரயப் பத்திரத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கும் சொத்து விவரத்தை நிதானமாகப் படியுங்கள். கிராமத்தின் பெயர், சர்வே எண், உட்பிரிவு, மனை எண், மனைப்பிரிவு ஒப்புதல் எண், நான்கெல்லை எல்லாம் அங்கே இருக்கும். வேலி போட்ட இடத்தை ஒட்டி வீடு வைத்திருப்பவர்களின் பத்திரங்களையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். "வடக்கில் பூங்கா இடம்" என்று நான்கெல்லையில் எழுதியிருந்தால், அது வேலி போட்டவருக்கு எதிராக நிற்கும் நல்ல எழுத்துச் சான்று. இதை ஏனோ யாரும் தேடுவதே இல்லை. அதன் பிறகு தமிழ்நிலம் புவிசார் தகவல் தளத்தில் வரைபடத்தின் மேல் அந்த இடத்தைத் தொட்டால் சர்வே எண் வரும். அது வழிகாட்டுதலுக்கு மட்டும்தான். அந்த வரைபடத்தின் கோடும் தரையில் இருக்கும் எல்லையும் சில அடி விலகி நிற்பது உண்டு. அதை நம்பி வேலி சரி, தப்பு என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

பழைய பத்திரத்தைப் படிக்கும்போது ஊர்ப் பெயர்களில் குழம்ப வேண்டாம். 1997-க்கு முந்தைய பத்திரத்தில் செங்கல்பட்டு மாவட்டம் அல்லது செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் என்றும், பிறகு காஞ்சிபுரம் மாவட்டம் என்றும், 2019 நவம்பருக்குப் பிறகு மறுபடியும் செங்கல்பட்டு மாவட்டம் என்றும் இருக்கும். தாலுகா இடத்தில் சைதாப்பேட்டை என்று பார்த்தால் அதுவும் இதே நிலம்தான், தாலுகாக்கள் பின்னால் பிரிந்தன. இன்னொரு சிக்கல், நகரப் பகுதிகளில் நகர அளவை முடிந்த பிறகு பழைய சர்வே எண் போய் வார்டு, பிளாக், டி.எஸ். எண் (நகர அளவை எண்) என்று புது எண் வந்திருக்கும். பத்திரத்தில் பழைய எண், தாலுகா பதிவேட்டில் புது எண். இரண்டையும் இணைக்கும் ஒப்பீட்டு விவரம் தாலுகா ஆபீசின் நில அளவைப் பிரிவில் கிடைக்கும். அங்கே அதை எல்லாரும் கோரிலேஷன் என்றுதான் சொல்வார்கள், அந்தப் பெயரிலேயே கேளுங்கள்.

எண் கையில் வந்ததும் வருவாய்த் துறையின் மின் சேவைத் தளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கக்கூடியவை பட்டா, அ-பதிவேடு, நிலத்தின் அளவுகளைக் காட்டும் புலப்படம் ஆகியவை. நகர அளவை முடிந்த இடமென்றால் நகர நில அளவைப் பதிவேட்டின் நகல். இதில் அ-பதிவேட்டை முதலில் பாருங்கள். பட்டா நிலமா, அரசுப் புறம்போக்கா, புறம்போக்கென்றால் பாதையா, குட்டையா, மேய்க்காலா என்று வகைப்பாடு அதில்தான் இருக்கும். புறம்போக்கு என்று இருந்தால் உங்கள் கேள்விக்கு விடை பாதி கிடைத்துவிட்டது. வேலியை எடுக்க வேண்டியவர் தாசில்தார், அதற்கு 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் இருக்கிறது. ஏரி என்றால் 2007-இல் வந்த ஏரிகள் பாதுகாப்புச் சட்டமும், நீர்வளத் துறைப் பொறியாளரும்.

உங்கள் இடம் பெரும்பாலும் புறம்போக்காக இருக்காது. அ-பதிவேட்டில் யாரோ ஒரு தனிநபர் பெயரில் பட்டா என்றுதான் வரும். இங்கேதான் மக்கள் மனம் விட்டுவிடுகிறார்கள், "பட்டா அவர் பெயரில் இருக்கிறது, இனி என்ன செய்ய" என்று. தயவுசெய்து இந்த இடத்தில் நின்றுவிடாதீர்கள். மனைப்பிரிவுக்கு இறுதி ஒப்புதல் தரும் முன் சாலைகளையும் பூங்கா இடத்தையும் நில உரிமையாளர் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிப் பதிவு செய்துகொடுக்க வேண்டும். பதிவு நடந்துவிடும். அதன் பிறகு அந்தத் தானப் பத்திரத்தை வைத்து உள்ளாட்சி தன் பெயருக்குப் பட்டா மாற்றிக்கொள்ள வேண்டும். இந்த இரண்டாவது வேலை புறநகரில் ஏராளமான மனைப்பிரிவுகளில் நடக்கவேயில்லை. ஊராட்சி பேரூராட்சியாகி, பேரூராட்சி நகராட்சியாகி, நகராட்சி மாநகராட்சியில் கரைந்துபோக, கோப்பு ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு அலமாரி மாறியது. தாலுகாவில் மட்டும் பட்டா பழைய உரிமையாளர் பெயரிலேயே தங்கிவிட்டது. நிலத்தின் விலை ஏறிய பிறகு அவருடைய வாரிசுகள் அந்தப் பட்டாவைக் காட்டி விற்கிறார்கள், வாங்குபவரும் நம்பி வேலி போடுகிறார். பட்டா என்பது வரி செலுத்துபவர் யார் என்பதற்கான வருவாய்ப் பதிவு, அதுவே உரிமை மூலம் ஆகிவிடாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. ஆகவே நீங்கள் தேட வேண்டிய காகிதம் அந்தத் தானப் பத்திரம்.

அதைத் தேடும் வழி வில்லங்கச் சான்று. பதிவுத் துறையின் தளத்தில் 1975-க்குப் பிந்தைய பதிவுகளைக் கட்டணமில்லாமல் பார்க்கலாம். உங்கள் மனை எண்ணைப் போட்டுத் தேடாதீர்கள், சர்வே எண்ணைப் போடுங்கள். 45/2 என்று இருந்தால் 45, 45/2, 45/2ஏ, 45/2ஏ1 என்று உட்பிரிவுகளை ஒவ்வொன்றாகத் தேட வேண்டும், ஏனென்றால் தானப் பத்திரம் எழுதிய நாளில் எந்த உட்பிரிவு இருந்ததோ அதில்தான் அது ஏறியிருக்கும். மனைப்பிரிவு பல சர்வே எண்களில் விரிந்திருந்தால் எல்லா எண்களும். காலத்தை ஒப்புதல் ஆண்டுக்கு இரண்டு மூன்று வருடம் முன்னாலிருந்து போடுங்கள். "எழுதி வாங்கியவர்" என்ற இடத்தில் ஊராட்சித் தலைவர், செயல் அலுவலர், ஒன்றிய ஆணையர் என்று ஏதாவது ஒரு பதவிப் பெயர் வந்தால் அதுதான் நீங்கள் தேடியது. சார்பதிவகங்களின் எல்லையும் காலப்போக்கில் மாறியிருக்கிறது. உங்கள் மூலப் பத்திரத்தின் முத்திரையில் எந்தச் சார்பதிவகத்தின் பெயர் இருக்கிறதோ அங்கேயும் தேடுங்கள். 1975-க்கு முன்பென்றால் அலுவலகத்தில் விண்ணப்பித்துக் கையால் தேடச் சொல்ல வேண்டும். பத்திர எண்ணும் ஆண்டும் கிடைத்துவிட்டால் சான்றிட்ட நகலுக்கு மனு போடுங்கள். வில்லங்கத்தில் ஒன்றும் வரவில்லை என்றால் தானப் பத்திரமே இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். அட்டவணையில் சர்வே எண் தப்பாக ஏறிய பதிவுகள் உண்டு. பதிவு செய்யாத ஒப்பந்தமும் நீதிமன்ற வழக்கும் பொதுவாக வில்லங்கத்தில் தெரியாது.

இன்னொரு பக்கத்திலிருந்தும் வரலாம். பத்திரத்தில் இருக்கும் மனைப்பிரிவு ஒப்புதல் எண்ணைப் பாருங்கள். பி.பி.டி./எல்.ஓ. என்று தொடங்கினால் சி.எம்.டி.ஏ., எழும்பூர் தாளமுத்து நடராசன் மாளிகை. எம்.எம்.டி.ஏ. என்று இருந்தாலும் அதே அலுவலகம்தான், பழைய பெயர். எல்.பி.டி.எம். அல்லது டி.டி.பி. என்று இருந்தால் நகர் ஊரமைப்பு இயக்ககம். ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவுகளின் விவரங்களை சி.எம்.டி.ஏ. தன் தளத்தில் வைத்திருக்கிறது, முதலில் அங்கே தேடிவிட்டுப் போங்கள். அந்த வரைபடத்தில் பூங்கா என்று குறித்திருந்தால் அந்த இடத்தை மனையாக விற்க முடியாது என்பதில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. இப்போதைய 2019 விதிகளின்படி 3,000 சதுர மீட்டர் வரை திறந்தவெளி ஒதுக்க வேண்டியதில்லை. அதற்கு மேல் 10,000 வரை 10 சதவீத இடம் அல்லது அதற்கான பணம். 10,000-ஐத் தாண்டினால் 10 சதவீத இடம் கட்டாயம். உங்கள் மனைப்பிரிவுக்கு அது ஒப்புதல் பெற்ற காலத்து விதிதான் பொருந்தும். சின்ன மனைப்பிரிவாக இருந்தால் பூங்காவே இல்லாமல் ஒப்புதல் பெற்றிருக்கவும் கூடும். வரைபடத்தைப் பார்க்கும் வரை அந்தச் சந்தேகத்தை மனதில் வைத்திருங்கள்.

ஒப்புதல் எண்ணே இல்லாத மனைப்பிரிவு என்றால் நிலைமை வேறு, இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். புரோக்கர் கொடுத்த புளூபிரிண்டில் பூங்கா என்று பச்சை அடித்திருப்பார்கள், தானப் பத்திரம் இருக்காது. 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகளுக்கு 2017-இல் வரன்முறைத் திட்டம், அதாவது ஒப்புதலில்லாத மனைகளை முறைப்படுத்தும் திட்டம், வந்தது. உங்கள் மனை அதில் வரன்முறையானதா, அப்போது மனைப்பிரிவு முழுவதற்கும் ஏதாவது வரைபடம் ஏற்றுக்கொள்ளப்பட்டதா என்று மாநகராட்சியின் நகரமைப்புப் பிரிவில் கேட்கலாம். அதிலும் பூங்கா இல்லையென்றால் இது மனை வாங்கியவர்களுக்கும் விற்றவருக்கும் இடையிலான உரிமை வழக்காகிவிடும். அதில் அதிகாரியின் கையெழுத்தால் தீர்வு வராது. எப்படி முடியும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது, நல்ல சிவில் வழக்கறிஞரைப் பாருங்கள்.

இனி ஆட்கள். அதிகாரியின் பெயரையும் சொந்த நம்பரையும் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், மாறுதலில் போய்விடுவார். பதவிப் பெயரில் எழுதுங்கள். மாநகராட்சியில் மண்டல உதவி ஆணையருக்கும் நகரமைப்பு அலுவலருக்கும் ஒரே மனு, நகல் ஆணையருக்கு. தாலுகாவில் முதலில் உங்கள் வருவாய்க் கிராமத்தின் வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்). அவரிடம் கிராமக் கணக்கு இருக்கும், அந்த இடத்தின் பழைய கதையும் பல நேரம் தெரிந்திருக்கும். அவருக்கு மேல் ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), பிறகு மண்டலத் துணை தாசில்தார், தாசில்தார். அளவை என்றால் சர்வேயர். பட்டா தப்பென்று முறையிடுவது ஆர்.டி.ஓ. என்ற வருவாய்க் கோட்டாட்சியரிடம், அதற்கும் மேல் மாவட்ட வருவாய் அலுவலர். அலுவலக நம்பர்கள் செங்கல்பட்டு மாவட்டத் தளத்திலும் மாநகராட்சித் தளத்திலும் இருக்கின்றன. தகவல் உரிமைச் சட்டம் பிரிவு 4 ஒவ்வொரு அலுவலகமும் தன் அதிகாரிகளின் பட்டியலைத் தானாகவே வெளியிட வேண்டும் என்கிறது. வார்டு கவுன்சிலரை விட்டுவிடாதீர்கள். தாலுகாவுக்குப் போகச் சொன்னதால் அவருக்கு அக்கறை இல்லை என்று நினைக்க வேண்டாம், கையில் காகிதம் இல்லாமல் அவராலும் மன்றத்தில் பேச முடியாது. வார்டுகளில் பகுதி சபை என்று ஒன்று இருக்கிறது. 2022 நவம்பர் 1 அன்று மாநிலம் முழுக்க நடந்தபோது முதல்வர் கலந்துகொண்ட கூட்டம் உங்கள் மாநகராட்சியின் பம்மலில்தான் நடந்தது. அங்கே பேசி, பேசியது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பாருங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள், 1100 முதல்வர் உதவி மையம் இரண்டும் பயன்படும். அங்கே கொடுத்த மனுவும் கடைசியில் இதே மண்டல அலுவலகத்துக்கும் தாலுகாவுக்கும்தான் வரும். கூடுதலாகக் கிடைப்பது ஒரு மனு எண்ணும், பதில் சொல்லியாக வேண்டிய கட்டாயமும். எங்கே கொடுத்தாலும் ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள்.

தகவல் உரிமை விண்ணப்பத்தை இரண்டாக எழுதுங்கள், ஒன்று மாநகராட்சிப் பொதுத் தகவல் அலுவலருக்கு, ஒன்று சி.எம்.டி.ஏ.வுக்கு. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை" என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். காகிதத்தைக் கேளுங்கள். இன்ன சர்வே எண்ணில் இன்ன ஒப்புதல் எண்ணுள்ள மனைப்பிரிவின் வரைபட நகல், அதில் உள்ளாட்சிக்குத் தானம் பெற்ற சாலை மற்றும் பூங்கா இடங்களின் பரப்பும் தானப் பத்திர எண்ணும், முன்பிருந்த செம்பாக்கம் நகராட்சியிடமிருந்து மாநகராட்சிக்கு ஒப்படைக்கப்பட்ட பூங்கா மற்றும் திறந்தவெளிச் சொத்துப் பதிவேட்டின் நகல், அந்த இடத்தில் வேலிக்கோ கட்டடத்துக்கோ அனுமதி தந்திருந்தால் அதன் நகல். இதோடு "கோப்பை நேரில் பார்வையிட அனுமதி வேண்டும்" என்ற வரியையும் சேருங்கள். பிரிவு 2(ஜெ) அந்த உரிமையைத் தருகிறது, முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமில்லை. எந்த நகல் வேண்டும் என்று கோப்பைப் புரட்டினால்தான் தெரியும். 30 நாளில் பதில் வர வேண்டும். வேறு அலுவலகத்துக்குரியதென்றால் 5 நாளுக்குள் அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும், உங்களை அனுப்பக் கூடாது. பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். ஆணையத்தில் வழக்கு விசாரணைக்கு வர நீண்ட காலம் ஆகும், அதை நம்பி வேலியை விட்டுவைக்க முடியாது. வேலி போட்டவரின் சொந்த விவரங்களைக் கேட்காதீர்கள். தனிநபர் தகவல் என்று அதை மறுப்பார்கள், அதைச் சாக்காக வைத்து மற்றதும் தாமதமாகும்.

தானப் பத்திரத்தின் நகல் கிடைத்த அன்றே ஒன்று செய்யுங்கள். அதை இணைத்து ஆணையருக்கு மனு கொடுத்து, இந்த இடத்தை மாநகராட்சி பெயருக்குப் பட்டா மாற்றம் செய்யவும், இதில் எந்தப் பத்திரமும் பதிய வேண்டாம் என்று சார்பதிவாளருக்குக் கடிதம் எழுதவும் கேளுங்கள். உள்ளாட்சிக்குச் சொந்தமான சொத்தை அனுமதியின்றிப் பிறர் விற்கும் பத்திரத்தைப் பதிவு செய்ய மறுக்கச் சார்பதிவாளருக்குப் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவில் அதிகாரம் இருக்கிறது. இது உள்ளாட்சியின் சொத்து என்று அவருக்குத் தெரிந்தால்தான் அதைப் பயன்படுத்துவார். சங்கத்தின் பெயரில் நீங்களும் நேரடியாக ஒரு ஆட்சேபணை மனு கொடுத்துவையுங்கள். வேலியோடு நிற்கும் வரை இந்த வழியில் போகலாம். அஸ்திவாரம் தோண்டத் தொடங்கினால் தகவல் உரிமைப் பதிலுக்குக் காத்திருக்காமல், வரைபடமோ பக்கத்து மனைக்காரரின் நான்கெல்லையோ கையில் இருப்பதை எடுத்துக்கொண்டு வழக்கறிஞரிடம் போங்கள். மாநகராட்சிக்குக் கொடுத்த மனுவின் ஒப்புகை இருந்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட அது முதல் ஆவணமாக உதவும்.